மறைபொருள்களுக்கு முறை வகுத்த ஆசாரியர் ஹேமசந்திரர்

பேய், பூதம், இயக்கர், சித்தி, மாயம் என்று கண்ணுக்குப் புலப்படாதவற்றைக் குறிக்கும் சொற்கள் எம்மொழியிலும் மிகுதி. அச்சொற்களையெல்லாம் திரட்டி, ஒவ்வொன்றும் எந்த இடத்தில் நிற்கத் தக்கது என்று வரிசைப்படுத்திய பேராசான் ஒருவர் கூர்ச்சர நாட்டில் வாழ்ந்தார். கலிகால சர்வக்ஞர் என்று போற்றப்பெறும் ஆசாரியர் ஹேமசந்திரரே அவர். அவர் சுவேதாம்பர மரபினர். நாம் திகம்பர மரபினர். ஆயினும் கல்விக்கு அவ்வேறுபாடு தடையாகாது.

கி.பி. 1088ஆம் ஆண்டு கார்த்திகைப் பௌர்ணமி நாளில், தந்துகா என்னும் ஊரில், சாசிகர், பாகினி என்னும் வணிகக் குடியினர்க்கு மகனாகத் தோன்றினார். பிள்ளைத் திருநாமம் சாங்கதேவன். அவ்வூர்க்கு எழுந்தருளிய தேவசந்திர சூரி என்னும் முனிவர் குழந்தையின் அறிவொளியைக் கண்டு, அவனைத் தமக்கு அளிக்குமாறு தாயிடம் வேண்டினார். தந்தை வெளியூர் சென்றிருந்த வேளையில் தாய் இசைந்தாள். திரும்பி வந்த தந்தை சினமும் துயரமும் கொண்டு மகனைத் தேடிப் புறப்பட்டார் என்றும், உதயணர் என்னும் அதிகாரி அவரைத் தேற்றிப் பொருள் அளிக்க முன்வந்தபோது அதனைத் தொட மறுத்து மகனை மட்டும் அறத்திற்கு ஈந்தார் என்றும் வரலாறு கூறும். அத்தந்தையின் பெருமை போதிய அளவு பேசப்படவில்லை என்பது என் கருத்து.

காம்பே நகரில் துறவு பூண்ட சிறுவனுக்குச் சோமசந்திரர் என்று பெயர் வழங்கிற்று. 1110ஆம் ஆண்டு, இருபத்தொரு வயதில், சூரி பட்டம் பெற்று ஹேமசந்திரர் ஆனார். ஹேமம் என்பது பொன். அவர் தம் கையை நெருப்பில் நீட்ட, அது பொன்னாய் ஒளிர்ந்தமையால் இப்பெயர் வந்தது என்று பிற்காலத்தார் கதை புனைந்தனர். பொன்னைப் பற்றி மற்றொரு கதையும் உண்டு. அது இதனினும் மேலானது. செம்பைப் பொன்னாக்கும் மறைவித்தை தம் குருவுக்குத் தெரியும் என்று நம்பிய ஹேமசந்திரர், தம் அரசனுக்காக அதனை உரைக்குமாறு கேட்டாராம். குரு மறுத்துவிட்டார். பயற்றங்கஞ்சியே செரியாதவனுக்கு எவரேனும் மோதகம் ஊட்டுவரோ என்பது அவர் மறுமொழியின் கருத்து. அனைத்தும் அறிந்தவர் என்று உலகம் புகழ்ந்தவர்க்கும் கிட்டாத கல்வி ஒன்று இருந்தது என்று அக்கதை சொல்கிறது.

பாடண நகரில் அரசு புரிந்த சித்தராசர் மாளவத்தை வென்று, போசராசரின் நூற்செல்வத்தைக் கொண்டுவந்தார். தம் நாட்டிற்கும் ஓர் இலக்கணம் வேண்டும் என்று அவர் விரும்ப, ஹேமசந்திரர் காசுமீரத்திலிருந்து முந்தைய இலக்கண நூல்களை வருவித்து ஆராய்ந்து, எட்டு அத்தியாயங்களில் சித்தஹேமம் என்னும் நூலை இயற்றினார். ஏழு அத்தியாயங்கள் வடமொழிக்கும், எட்டாவது பிராகிருதம், அபப்பிரம்சம் ஆகியவற்றுக்கும் உரியவை.

அடுத்து அவர் செய்த அகராதிப் பணியே நம் பொருளுக்கு உரியது. அவற்றுள் முதன்மையானது அபிதான சிந்தாமணி. (1910இல் சிங்காரவேலு முதலியார் வெளியிட்ட தமிழ் நூல் வேறு, பெயர் மட்டுமே ஒன்று.) இந்நூல் ஆறு காண்டங்கள் உடையது. அமரகோசம் சுவர்க்கத்தையும் தேவரையும் முன்வைத்துத் தொடங்க, ஹேமசந்திரர் தீர்த்தங்கரர் திருநாமங்களுக்கு முதற்காண்டத்தை ஒதுக்கி, தேவரை இரண்டாம் காண்டத்தில் வைத்தார். வினையை வென்றவர் முதலில். இன்னும் பிறந்து இறக்கும் தேவர் பின்னர். பவணர், வியந்தரர், சோதிடர், கற்பவாசியர் என்னும் நால்வகைத் தேவரும் அங்கே இடம்பெறுவர். மக்கள் அஞ்சும் பிசாசரும் பூதரும் இராட்சதரும், கின்னரர், கிம்புருடர், மகோரகர், கந்தர்வர், இயக்கர் ஆகியோருடன் வியந்தரர் எண்மருள் அடங்குவர். பெயரும் வகையும் ஆயுளும் உடைய ஓர் உயிரைக் கண்டு எதற்காக நடுங்க வேண்டும்?

இன்னும் நுட்பமான ஓரிடம் உண்டு. இந்திரசாலம், குகுகம், சாலம் முதலிய மாயவித்தைப் பெயர்களை அவர் தேவகாண்டத்தில் வைக்கவில்லை. மனிதரைப் பற்றிய மூன்றாம் காண்டத்தில் வைத்தார். வகுப்பறையில் நிகண்டு கற்பித்தவர்கள் அறிவர்: ஒரு சொல்லை எங்கே வைக்கிறோம் என்பதே பாதி விளக்கம். நம் மண்டல புருடர் சூடாமணி நிகண்டைப் பன்னிரு தொகுதிகளாக வகுத்து, தேவப் பெயர்த் தொகுதியை முதலில் அமைத்ததும் இத்தகைய முறைவைப்பே.

வட்டார வழக்கில் மறைந்து கிடந்த ஏறத்தாழ 4,000 சொற்களைத் தேசிநாமமாலையில் அவர் தொகுத்தார். ஊர் என்னும் பொருளில் ஊர, உடன்பிறந்தாளுக்கு அக்கா, புலிக்குப் புல்லி என்று அதில் காணும்போது தமிழ் நெஞ்சம் மகிழாதிருக்குமோ!

1143இல் குமாரபாலர் அரியணை ஏறினார். ஹேமசந்திரரின் அறவுரையால் உயிர்க்கொலையைத் தடுத்து ஆணையிட்டார். மகப்பேறின்றி இறந்தோரின் உடைமையை அரசு கைக்கொள்ளும் வழக்கத்தையும் ஒழித்தார். கைம்பெண்களின் கண்ணீர் துடைத்த அச்செயலுக்கு ஈடான அற்புதம் அவர் வரலாற்றில் வேறில்லை.

அவ்வரசர் பொருட்டு எழுந்ததே யோகசாத்திரம். பன்னிரண்டு பிரகாசங்கள் கொண்ட அந்நூலின் ஐந்தாம் பிரகாசம் மூச்சை அடக்குதல், இறப்பைக் காட்டும் குறிகள், பிறருடலில் புகுதல் ஆகியவற்றை மிக விரிவாக உரைக்கிறது. திகம்பரராகிய சுபசந்திரரின் ஞானார்ணவத்திலும் இச்செய்திகள் உண்டு. இத்துணையும் கூறிவிட்டு, மிகச் சிறியதாகிய ஆறாம் பிரகாசத்தில், பிறருடலில் புகுவது வியப்பைத் தருமேயன்றி வீடுபேற்றைத் தாராது. மூச்சடக்கலும் மனத்தை வருத்துவதே என்று ஆசாரியர் ஒதுக்கிவிடுகிறார். வீட்டில் ஒருவர் நோயுற்றால் குறி கேட்க ஓடுவோர் நம்மிடையேயும் இருப்பதால் இதனை நினைவூட்டுகிறேன்.

தேவபோதி என்னும் மாற்றுச் சமயத் துறவி, குமாரபாலரின் முன்னோரையும் தெய்வங்களையும் வரவழைத்துக் காட்டிப் பழைய சமயத்திலேயே நிற்குமாறு சொல்லச் செய்தாராம். ஹேமசந்திரரும் அதே முன்னோரை வரவழைத்து, அவர்கள் தீர்த்தங்கரரை வணங்குமாறு காட்டினாராம். பின்னர், அதுவும் இந்திரசாலம், இதுவும் இந்திரசாலமே என்று அரசருக்கு உணர்த்தினார் என்று பதினைந்தாம் நூற்றாண்டு நூல் கூறும். நிகழ்ந்ததோ புனைந்ததோ, அச்சொல்லை மனிதர் காண்டத்தில் வைத்தவருக்கு அக்கதை பொருந்துகிறது.

1172ஆம் ஆண்டு, எண்பத்து நான்காம் வயதில், உண்ணாநோன்பிருந்து ஹேமசந்திரர் உடல் நீத்தார். ஆறு திங்களுக்குள் குமாரபாலரும் மறைந்தார்.