கூழாங்கல்லில் கோடரி கண்ட துரை

அரியலூர்ப் பக்கத்துக் காடுகளில் நத்தை போலச் சுருண்ட கல் கிடைக்கும். பெரம்பலூரை அடுத்த சாத்தனூரில் ஒரு மரமே கல்லாகிக் கிடக்கிறது. அதன் நீளம் 18 மீட்டர்! இந்தச் சீமையின் மண்ணுக்கு வயது அதிகம்.

அந்த மண்ணை ஆராய்ந்த வெள்ளைக்காரர்களில் ஒருவர் ராபர்ட் புரூஸ் ஃபூட். பிற்காலத்தில் இந்தியாவின் ஆதி மனிதனுக்கு ஆயுள் கணக்கு எழுதத் தொடங்கியவரும் அவர்தான்.

24 வயது வாலிபர்

ஃபூட் 1834-ல் இங்கிலாந்தில் பிறந்தார். 1858-ல் சென்னைக்கு வந்து, அரசாங்கத்தின் நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தார். எந்த ஊரில் என்ன பாறை உண்டு என்று பார்த்துப் படம் வரைவது அவர் வேலை.

அப்போது பெரம்பலூரும் அரியலூரும் திருச்சி ஜில்லாவில் இருந்தன. அரியலூர்ப் பகுதியின் கடற்பாறைகளை பிளான்ஃபோர்டு என்பவர் ஆராய்ந்தார். திருச்சி, சேலம், தஞ்சாவூர், தென்னாற்காடு ஜில்லாக்களின் மற்றப் பாறைகளை ஃபூட்டும் அவர் நண்பர் வில்லியம் கிங்கும் ஆராய்ந்தார்கள். 1864-ல் அந்த அறிக்கை வெளியாயிற்று.

தமிழோடும் ஃபூட்டுக்கு உறவு உண்டு. ஆறுமுக நாவலரின் துணையோடு பைபிளைத் தமிழாக்கிய பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் மகளை அவர் மணந்தார்.

பல்லாவரத்தில் கிடைத்த புதையல்

பிரான்சு நாட்டில் சோம் ஆற்றங்கரையில் ஆதி மனிதனின் கல் ஆயுதங்கள் கிடைத்திருந்தன. 1859-ல் அறிஞர்கள் அதை ஒப்புக்கொண்டார்கள். அந்தச் செய்தி ஃபூட்டின் மனத்தில் பதிந்துவிட்டது. அங்கே மனிதன் இருந்தான் என்றால் இங்கே ஏன் இருந்திருக்கக் கூடாது?

1863 மே 30. சென்னையை அடுத்த பல்லாவரம். சரளை மண் தோண்டிய ஒரு பள்ளத்தில் ஃபூட் ஒரு கல்லை எடுத்தார். மனிதக் கை பட்ட கல் அது! இந்தியாவில் பழைய கற்காலக் கருவி என்று அடையாளம் காணப்பட்ட முதல் கல் அதுதான். அதே ஆண்டு செப்டம்பர் 28-ந் தேதி, பூண்டிக்கு அருகே அத்திரம்பாக்கத்தில் ஃபூட்டும் கிங்கும் இன்னும் பல கருவிகளைக் கண்டார்கள்.

எப்படி அடையாளம் கண்டார்?

ஆற்றில் உருண்ட கல் வழவழப்பாக இருக்கும். தானாக உடைந்த கல்லில் ஒழுங்கு இராது. ஆதி மனிதன் செய்த கைக்கோடரி அப்படி அல்ல. இரண்டு பக்கமும் சில்லு சில்லாகப் பெயர்த்த தழும்புகள் இருக்கும். அவை ஓரத்தில் சந்தித்துக் கூர்மையாகும். ஒரு முனை கூராகவும், மறுமுனை உள்ளங்கைக்கு அடங்கும்படி தடிப்பாகவும் இருக்கும்.

ஊர் பெயரே உயிர்

ஃபூட் சுமார் 40 ஆண்டுகள் தென்னாடெங்கும் அலைந்து கல் கருவி, இரும்புக் கருவி, பானை ஓடு எல்லாம் சேர்த்தார். கிடைத்த இடத்தையும் குறித்து வைத்தார். 1904-ல் அந்தச் சேகரம் சென்னை அரசாங்க அருங்காட்சியகத்துக்கு வந்தது. ஓய்வுக் காலத்தை ஏற்காட்டில் கழித்த அவர், 1912 டிசம்பர் 29-ந் தேதி கல்கத்தாவில் காலமானார். அவர் அஸ்தி ஏற்காட்டு மாதா கோயிலில் அடக்கமாயிற்று.

அவர் எழுதி வைத்த ஊர் பெயரின் அருமை பின்னால்தான் விளங்கியது. நூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்து, சாந்தி பப்பு என்ற தொல்லியல் அறிஞரும் அவர் குழுவினரும் அதே அத்திரம்பாக்கத்தில் முறையாகத் தோண்டினார்கள். அங்குள்ள கருவிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011-ல் அறிவித்தார்கள். இடம் தெரியாமல் போயிருந்தால் அந்தக் கணக்கு ஏது?

கத்தியானாலும் கல்லானாலும், கிடைத்த இடம் தெரியாவிட்டால் பாதிக் கதை போய்விடும். இன்று அரியலூர்ச் சீமையில் சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டுகிறார்கள். தோண்டும் மண்ணில் எத்தனையோ கதைகள் இருக்கலாம். வயலில் வித்தியாசமான பொருள் கிடைத்தால் விற்றுவிடாதீர்கள். இடத்தையும் தேதியையும் ஒரு சீட்டில் எழுதி, தாசில்தாருக்கோ அருங்காட்சியகத்துக்கோ தெரிவியுங்கள். வாரணவாசியில் இதற்கென்றே ஒரு புதைபடிவ அருங்காட்சியகம் உண்டு. நாலு எழுத்து தெரிந்த எவரும் செய்யக்கூடிய பெரிய காரியம் இது!