தோல்விக்கு முன்வந்து நின்றவர்

அலோர் காஜாவில் இடைநிலைப்பள்ளியில் படித்தபோது அப்துல் கலாமைப் பற்றி நிறையக் கேட்டிருக்கிறேன். அவருடைய தலைவர் சதீஷ் தவானைப் பொறியியல் படிக்க வந்த பிறகே அறிந்தேன்.

1920-இல் ஸ்ரீநகரில் பிறந்த தவான், கணிதம், ஆங்கில இலக்கியம், இயந்திரப் பொறியியல் மூன்றிலும் பட்டம் பெற்றவர். 1972-இல் இஸ்ரோவின் தலைவரானார்.

1979 ஆகஸ்டு 10. எஸ்.எல்.வி.-3 ராக்கெட்டின் முதல் பயணம். கோளாறு இருப்பதாகக் கணினி தடுத்தது. கவலை வேண்டாம் என்று நிபுணர்கள் கூற, திட்ட இயக்குநர் கலாம் ஏவச் சொன்னார். பல ஆண்டு உழைப்பு கண்ணெதிரே நிற்கும்போது நிறுத்த யாருக்கு மனம் வரும்? ராக்கெட் வங்கக்கடலில் விழுந்தது.

செய்தியாளர்களைத் தவானே எதிர்கொண்டு பொறுப்பைத் தாம் ஏற்றார். கலாமை மாற்றவில்லை. இது வெறும் பெருந்தன்மை என்று எனக்குத் தோன்றவில்லை. திட்டு விழும் என்றால் சின்ன அளவுப் பிழையைக்கூட மறைப்பவர்களை எங்கள் குழுப் பயிற்சிகளிலேயே பார்க்கிறேன். ராக்கெட் விஷயத்தில் அப்படி மறைத்தால் என்ன ஆகும்? ஆய்வில், இரண்டாம் கட்டக் கட்டுப்பாட்டு அமைப்பில் ஒரு வால்வு பழுதாகி அமிலம் கசிந்தது தெரியவந்தது.

1980 ஜூலை 18-இல் அதே குழு ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் நிறுத்தியது. அன்று செய்தியாளர்களிடம் பேசக் கலாமை அனுப்பினார் தவான்.

தவான் 2002-இல் மறைந்தார். ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம் இன்று அவர் பெயரில் இயங்குகிறது.