மாண்டிசோரி என்றால் பணக்கார ஸ்கூலா? கூலித் தொழிலாளர் குழந்தைகளுக்காக வகுப்பறையையே மாற்றிய மரியாவின் கதை!

காலை ஷிப்டுக்கு கம்பெனி பஸ் வந்துவிடும். அதற்குள் பிள்ளையைக் குளிப்பாட்டி, சாப்பிட வைத்து, அங்கன்வாடியிலோ எல்.கே.ஜி.யிலோ விட்டாக வேண்டும். சூளகிரி, ஓசூர் பக்கம் பல வீடுகளில் இதுதான் தினசரிக் காட்சி. வீட்டில் தெலுங்கு பேசும் குழந்தை, கன்னடம் பேசும் குழந்தை, தமிழ் பேசும் குழந்தை என எல்லாரும் ஒரே பாயில் உட்காரும் ஊர் இது.

அம்மா, அப்பா இரண்டு பேரும் வேலைக்குப் போனால் 3 வயதுக் குழந்தை பகல் முழுக்க என்ன செய்யும்? 100 வருடங்களுக்கு முன்பே இந்தக் கேள்விக்கு ஒரு பெண் மருத்துவர் பதில் தேடினார். அவர்தான் மரியா மாண்டிசோரி.

யார் இந்த மரியா?

1870 ஆகஸ்ட் 31-ம் தேதி இத்தாலியின் கியாரவாலே என்ற ஊரில் பிறந்தவர். பெண்கள் மருத்துவம் படிப்பது அபூர்வமாக இருந்த காலத்தில், 1896-ல் ரோம் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளோடு வேலை பார்த்தபோது, மருந்தைவிட அவர்களுக்குக் கைவேலையும் பயிற்சியும் அதிகம் தேவை என்று அவருக்குப் புரிந்தது.

1898-ல் அவருக்கு மரியோ என்ற மகன் பிறந்தார். திருமணமாகாத தாய் என்பதால், குழந்தையை கிராமத்தில் வேறொரு குடும்பத்திடம் வளர்க்கக் கொடுக்க வேண்டிய நிலை. மரியோ வளர்ந்து தாயோடு சேர்ந்த பிறகும், உறவுக்காரப் பையன் என்றுதான் வெளியில் சொல்லிவந்தார். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் வழிகாட்டியவரால் தன் பிள்ளையைத் தன் பிள்ளை என்று சொல்ல முடியவில்லை.

சான் லோரென்சோவில் நடந்தது என்ன?

ரோம் நகரில் ஏழைத் தொழிலாளர்கள் வாழ்ந்த பகுதி சான் லோரென்சோ. பெற்றோர் வேலைக்குப் போனதும் சின்னக் குழந்தைகள் மாடிப்படியிலும் சுவரிலும் கிறுக்கி, குடியிருப்பைப் பாழாக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களை ஓரிடத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளத்தான் மரியாவை அழைத்தார்கள். 1907 ஜனவரி 6-ம் தேதி, 50-க்கும் மேற்பட்ட குழந்தைகளோடு 'குழந்தைகள் வீடு' திறக்கப்பட்டது.

ஒருநாள் மூக்கைச் சத்தமில்லாமல் எப்படிச் சிந்துவது என்று கைக்குட்டையை வைத்துக் காட்டினார் மரியா. குழந்தைகள் கைதட்டினார்கள். மூக்கு ஒழுகுது என்று திட்டத்தான் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தவர் யாரும் இல்லை.

இன்னொரு நாள், 3 வயதுச் சிறுமி மரக்கட்டைகளை அதனதன் குழியில் பொருத்திக்கொண்டிருந்தாள். சுற்றி மற்ற குழந்தைகளைப் பாடச் சொல்லியும் அவள் கவனம் சிதறவில்லை. 40 தடவைக்கு மேல் செய்து முடித்த பிறகே நிமிர்ந்து பார்த்தாள். சின்னப் பிள்ளைக்குக் கவனம் நிற்காது என்ற நினைப்பு மரியாவுக்கு அன்றே உடைந்தது.

வகுப்பு எப்படிப் போகும்?

* 3 முதல் 6 வயது வரை எல்லாரும் ஒரே வகுப்பு. பெரியவர்களைப் பார்த்து சின்னவர்கள் கற்பார்கள்.
* குழந்தையே பாயை விரிக்கும். கைக்கு எட்டும் அலமாரியிலிருந்து பிடித்த பொருளை எடுக்கும். முடித்ததும் அதே இடத்தில் வைக்கும்.
* தண்ணீர் ஊற்றுவது, பட்டன் போடுவது, பெருக்குவது எல்லாமே பாடம்தான். விரலுக்குப் பலம் வந்தால்தான் பென்சில் பிடிக்க வரும்.
* உப்புத்தாளில் வெட்டிய எழுத்தை விரலால் தடவி, அதன் ஒலியைச் சொல்லும். நம்ம ஊர் திண்ணைப் பள்ளியில் மணலில் விரல் வைத்து எழுதியதை நினைத்துக்கொள்ளுங்கள். கை முதலில், பென்சில் அப்புறம்.

சான் லோரென்சோவில் சில மாதங்களிலேயே 4, 5 வயதுக் குழந்தைகள் எழுதத் தொடங்கினார்கள். செய்தி உலகம் முழுக்கப் பரவியது.

சென்னையில் கிடைத்த பிறந்தநாள் பரிசு

1939-ல் பிரம்மஞான சபையின் அழைப்பில் சென்னை அடையாறு வந்தார் மரியா. அப்போது அவருக்கு வயது 69. ஓலைக் கொட்டகைகளில் தங்கி சுமார் 300 பேர் பயிற்சி பெற்றார்கள். அவர் இத்தாலிய மொழியில் பேச, மரியோ ஆங்கிலத்தில் சொன்னார்.

1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும், பிரிட்டிஷ் அரசுக்கு இருவரும் எதிரி நாட்டவர் ஆகிவிட்டார்கள். மரியோ முகாமில் அடைக்கப்பட்டார். மரியா அடையாறு வளாகத்தைத் தாண்டக் கூடாது என்று கட்டுப்பாடு. ஆனால் ஆகஸ்ட் 31, அவரது 70-வது பிறந்தநாளுக்கு, மகனையே பரிசாகத் திருப்பித் தருகிறோம் என்று வைஸ்ராயிடமிருந்து தந்தி வந்தது. 42 வருடமாக வெளியில் சொல்லாத உறவை, அந்தத் தந்தி மகன் என்றே குறிப்பிட்டது.

பிறகு கொடைக்கானலில் சில வருடங்கள் தங்கி, பல வயதுக் குழந்தைகளோடு தன் முறையை விரிவாக்கினார். 1946-ல் ஐரோப்பா திரும்பினார். 1952 மே 6-ம் தேதி நெதர்லாந்தில் காலமானார்.

பெற்றோர் என்ன பார்க்கணும்?

இன்று மாண்டிசோரி என்றாலே ஃபீஸ்தான் முதலில் ஞாபகம் வருகிறது. ஆனால் அது பிறந்தது கூலித் தொழிலாளர் குடியிருப்பில். தமிழக அரசும் 2019 ஜனவரியில் 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளைத் தொடங்கியது.

அதனால் போர்டில் என்ன பெயர் இருக்கிறது என்பதைவிட உள்ளே என்ன நடக்கிறது என்று பாருங்கள். பொருட்கள் குழந்தையின் கைக்கு எட்டுதா? கொட்டினால் திட்டுறாங்களா, துடைக்கக் கத்துக் கொடுக்கிறாங்களா? 3 வயதிலேயே பக்கம் பக்கமாக எழுதச் சொல்றாங்களா?

வீட்டிலும் செலவில்லாமல் ஆரம்பிக்கலாம். கொத்தமல்லிக் கட்டை ஆய்ந்து தர, புளியங்கொட்டையை எண்ணி டம்ளரில் போட, தன் செருப்பைத் தானே மாட்ட விடுங்கள். ஷிப்டுக்கு நேரமாச்சு என்று நாமே மாட்டிவிடத் தோன்றும். முடிகிற அன்றைக்கு மட்டும் 5 நிமிஷம் காத்திருங்கள்.