வடுவூராரும் அவர்தம் வாசகரும்

மரக்காணத்து உப்பளங்களில் கடல்நீர் ஒரே நாளில் உப்பாகிவிடுவதில்லை. ஒரு பாத்தியிலிருந்து மறு பாத்திக்கு மாறி, வெயிலில் காய்ந்து, செறிவு ஏறிய பின்னரே வெண்படிகம் தோன்றுகின்றது. உப்புப் படிந்த பின் எஞ்சி நிற்கும் கசப்பு நீரை உரிய வேளையில் வடித்துவிட வேண்டும். காலம் தாழ்த்தினால் அக்கசப்பும் உப்போடு சேர்ந்தே படியும். நீர் முழுவதையும் தொடக்கத்திலேயே திறந்துவிட்டாலோ உப்பே கிட்டாது. பொறுத்தலும் வடித்தலும் அறிந்தவரே நல்ல உப்பு எடுப்பர்.

நூல் பயில்வோர்க்கும் இவ்விரண்டும் வேண்டும் என்பது நம் கருத்து. அதனை மெய்ப்பிக்கும் சான்றாக, வாசகரின் பெருவிருப்பையும் கடுங்கண்டனத்தையும் ஒருங்கே பெற்ற ஓர் எழுத்தாளரின் வாழ்வை ஈண்டு எண்ணிப் பார்க்க விழைகின்றோம். மரக்காணத்தைத் தொடும் பக்கிங்காம் கால்வாய் வடக்கே சென்னைக்குள் புகுந்து, திருவல்லிக்கேணியின் ஓரமாகவும் செல்கின்றது. அந்தத் திருவல்லிக்கேணியில் வாழ்ந்து, தமிழ்நாட்டாரின் உறக்கத்தைக் கெடுத்த கதைகளை எழுதிக் குவித்தவர் வடுவூர் கே. துரைசாமி ஐயங்கார்.

வாழ்வும் பணியும்

தஞ்சைத் தரணியில் மன்னார்குடியை அடுத்த வடுவூரில் 1880-ஆம் ஆண்டு பிறந்தவர் இவர். ஆங்கிலக் கல்வி பெற்று, அரசுப் பணியில் அமர்ந்து, தாசில்தாராக விளங்கினார். அந்நாளில் அப்பதவி ஊரே எழுந்து நின்று வணங்கத்தக்கது. எனினும் எழுத்தார்வம் அவரை அதில் நிலைக்கவிடவில்லை. பதவியைத் துறந்து எழுத்தையே தொழிலாகக் கொண்டார். ‘மனோரஞ்சனி’ என்னும் திங்களிதழை நடத்தி, நாவல்களைத் தொடர்ந்து வெளியிட்டார்.

‘மேனகா’, ‘கும்பகோணம் வக்கீல்’, ‘மாயாவிநோதப் பரதேசி’, ‘பூரணசந்திரோதயம்’, ‘சௌந்தர கோகிலம்’ முதலியன அவர்தம் புகழ்பெற்ற படைப்புக்கள். இவற்றுட் சில பல பாகங்களாக நீண்டவை. ஒரு பாகத்தை முடித்தவர் மறு பாகத்திற்காகக் காத்திருக்க வேண்டும். நாயகிக்கு நேரவிருக்கும் இடரை வாயிலில் நிறுத்தி, கதையை வேறு திசைக்குத் திருப்பிவிடும் உத்தி அவருக்குக் கைவந்த கலை. இவ்வுத்தி இலண்டன் மாநகரில் 1844 முதல் வாரந்தோறும் மலிவு விலைப் பகுதிகளாகக் கதை எழுதிப் புகழ்பெற்ற ரெயினால்ட்ஸ் என்பாரிடமிருந்து இந்திய மொழிகள் பலவும் கற்றுக்கொண்டதாகும்.

துப்பறியும் துறவி

வடுவூராரின் பாத்திரங்களுள் தலையாயவர் திகம்பர சாமியார். துறவிக் கோலத்தில் குற்றங்களைத் துப்பறியும் இவர், ஒன்றுக்கு மேற்பட்ட நாவல்களில் மீண்டும் மீண்டும் தோன்றுகின்றார். பட்டமும் பதவியும் உடையார் மறைத்த குற்றத்தைப் பற்றற்ற ஒருவர் வெளிக்கொணர்வது நம் நாட்டு மனத்திற்கு உகந்த கற்பனை. மேலைநாட்டுத் துப்பறிவாளரை அவ்வாறே பெயர்த்தெழுதாமல், மக்கள் மதிக்கும் துறவி வடிவில் அவரை நிறுத்தியதே வடுவூராரின் திறம்.

ஆயினும் தொடர்ந்து வரும் பாத்திரத்தைப் படைத்தவர்க்கு ஓர் இக்கட்டு உண்டு. வாசகர் பழைய சாமியாரையே கேட்பர். ஆனால் கதை புதியதாக இருக்க வேண்டும் என்பர். பழையபடி வந்தால் முன்னரே படித்ததுதானே என்று சலிப்பர். மாறி வந்தால் இவர் நம் சாமியார் அல்லர் என்று முகஞ்சுளிப்பர்.

இஃது எங்கும் உள்ள நிலையே. ஆங்கில நாட்டில் ஆர்தர் கானன் டாயில் தம் துப்பறிவாளர் ஷெர்லாக் ஹோம்சை 1893-இல் ஒரு கதையில் இறக்கச் செய்தபோது, வாசகர் சினங்கொண்டு கடிதங்கள் எழுதினர். அக்கதையை வெளியிட்ட ‘ஸ்டிராண்ட்’ இதழைப் பலர் கைவிட்டனர். வேறு வழியின்றி 1903-இல் ஹோம்ஸ் உயிருடன் மீண்டார். மகிழ்ந்தவர் எண்ணிறந்தோர். எனினும் மீண்டு வந்தவர் பழைய ஹோம்ஸ் அல்லர் என்று குறைகூறிய எளிய வாசகரும் இருந்தனர்; அதனைக் கானன் டாயிலே தம் வாழ்க்கை வரலாற்றில் நகைச்சுவையுடன் பதிவு செய்துள்ளார். குறை சொல்லும் உரிமையை வாசகர்க்கு வழங்குவது அவர்தம் அன்பே என்பது இதனால் விளங்கும்.

‘மேனகா’வும் நாமும்

வடுவூரார் மீதான குற்றச்சாட்டுக்கள் பலவாகும். வருணனை நீளம், வடசொற் கலப்பு மிகுதி, தற்செயல் நிகழ்ச்சிகள் அளவுக்கு மீறியவை, ஆங்கிலக் கதைகளின் சாயல் உண்டு என்பன அவை. நாவல் படிப்பதே இளைஞரையும் பெண்டிரையும் கெடுக்கும் என்று அஞ்சிய பெரியோரும் அக்காலத்தில் பலர். 1933-இல் ‘மணிக்கொடி’ தோன்றிய பின், வாழ்வின் உண்மையை எழுத முற்பட்ட புதிய தலைமுறைக்கு இத்தகைய மர்மக் கதைகள் பழமையாய்த் தோன்றின. இவற்றில் உண்மை இல்லாமல் இல்லை.

நம்மைப் போன்றோர்க்கோ மற்றொரு தடை உண்டு. ‘மேனகா’வில், கணவன் வீட்டாரின் சூழ்ச்சியால் மேனகா என்னும் இளமனைவி நைனா முகம்மது என்னும் செல்வனுக்கு விற்கப்படுகின்றாள். இவ்விடத்தை எட்டியதும் நம்முள் சிலர் நூலை மூடிவிட எண்ணுவர். தீயவனுக்கு நம் பெயரைச் சூட்டினாரே என்னும் வருத்தம் அது. அவ்வருத்தத்தைப் பொய் என்று ஒதுக்குதல் முறையன்று. ஒரு சமூகத்தாரின் பெயர் கதைகளில் எத்தகையோர்க்கு மீண்டும் மீண்டும் சூட்டப்படுகின்றது என்பது கேட்கத்தக்க வினாவே.

ஆயினும் நூலை அங்கேயே மூடுவோர் நூர்ஜஹானைக் காணாமற் போவர். நைனா முகம்மதுவின் மனைவியாகிய அவளே, முன்பின் அறியாத மேனகாவைக் கணவனிடமிருந்து காக்கின்றாள். தன் இல்வாழ்வே குலையும் என்று அறிந்தும் அறத்தின் பக்கம் நிற்கின்றாள். மேனகாவை விற்கத் துணிந்தவர் யாவர்? அவள் புகுந்த வீட்டு நாத்திமார். அவர்தம் சூழ்ச்சிக்குக் கை கொடுத்தவரும் அவ்வீட்டோடு பழகியவரே. ஆசிரியர் தாம் பிறந்த சமூகத்தின் இல்லங்களுள் நிகழ்ந்த கொடுமையைத் தயங்காது காட்டினார். அதற்கு மாற்றாக நிற்கும் நெஞ்சுறுதியை ஒரு முஸ்லிம் பெண்ணிடம் கண்டார். குற்றத்தைப் பிறர்மேல் மட்டும் சுமத்தும் எழுத்தன்று இது. தீமைக்குச் சாதியோ சமயமோ இல்லை என்பதே நூல் முழுமையும் படித்தார் பெறும் முடிபு.

மேடையும் திரையும்

வாசகர் பிணக்குக்கிடையிலும் இக்கதைகள் நூலோடு நில்லாமல் பரவின. டி.கே.எஸ். சகோதரர்கள் ‘மேனகா’வை நாடகமாக நடத்தினர். 1935-இல் அது ராஜா சாண்டோ இயக்கத்தில் திரைப்படமாயிற்று; கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் திரையில் அடியெடுத்து வைத்த காலத்துப் படம் அது. 1950-இல் மாடர்ன் தியேட்டர்ஸ் ‘திகம்பர சாமியார்’ படத்தை வெளியிட்டது. எம்.என். நம்பியார் பல வேடங்கள் புனைந்து நடித்த அப்படத்தைக் காண வடுவூரார் இல்லை. அவர் 1942-இலேயே மறைந்துவிட்டார்.

இறுதிக் காலத்தில் அவர் நாவலை விடுத்து ஆராய்ச்சியில் இறங்கினார். பண்டை எகிப்தியர்க்கும் தென்னாட்டார்க்கும் உறவு உண்டென நிறுவ முயன்று, ஆங்கிலத்தில் பெருநூல் ஒன்று எழுதினார். நாவல்கள் கண்ட வரவேற்பு அதற்குக் கிட்டவில்லை. மர்மக் கதைக்காகக் காத்திருந்தவர்கள் அவரைப் பின்தொடரவில்லை. வாசகர் அன்பு ஒரு பாத்திரத்தின்மீது படிந்துவிட்டால், அதனைப் படைத்தவர்க்கே அதிற் பங்கு குறைந்துவிடுகின்றது.

மறுமொழி எழுத்தே

கதை தம்மை எவ்வாறு காட்டுகின்றது என்று வருந்தும் சமூகம் செய்யத்தக்கது யாது? மூடி வைத்தல் ஒரு வழி. மற்றொரு வழியை நம் முன்னோர் காட்டிச் சென்றனர். 1885-இலேயே இலங்கையிற் சித்தி லெப்பை ‘அசன்பே சரித்திரம்’ என்னும் நாவலை எழுதித் தமிழ் நாவலின் தொடக்கக் காலத்திலேயே இடம்பெற்றார். 1938-இல் நாகூரைச் சேர்ந்த சித்தி ஜுனைதா பேகம் ‘காதலா? கடமையா?’ என்னும் நாவலை வெளியிட்டார். நூர்ஜஹானைப் பிறர் எழுதிய காலம் போய், முஸ்லிம் பெண்ணொருவர் தாமே எழுதுகோல் ஏந்திய காலம் வந்தது.

மாணவச் செல்வங்களே! நூலகத்தில் வடுவூராரின் நூல் கிடைக்குமாயின் எடுத்துப் பயிலுங்கள். மிகையைக் கண்டு நகையுங்கள். பிழையைக் கண்டால் பெரியோரிடத்தும் தயங்காது எடுத்துரையுங்கள். நைனா முகம்மதுவைக் கண்டு வருந்தினால் அவ்வருத்தத்தை மறைக்க வேண்டா. ஆனால் நூர்ஜஹான் வரும்வரை நூலை மூடாதீர்கள். கசப்பு நீரை வடித்த பின் பாத்தியில் எஞ்சுவது எது என்பதை நம் கடற்கரையார்க்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை.