சோறிட்டவர்களை மறவாத தமிழ்த் தாத்தா

பெரிய மனிதர்களின் சுயசரிதை என்றாலே பலருக்கு ஒரு தயக்கம். படித்த பட்டங்களும் வகித்த பதவிகளும்தானே அதில் இருக்கும் என்று அந்தப் பக்கமே போகமாட்டார்கள். மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையர் எழுதிய 'என் சரித்திரம்' அப்படிப்பட்ட நூல் அன்று. அதிலும் பட்டமும் பதவியும் உண்டு. ஆனால் அவற்றைவிட அதிக இடத்தை நிரப்பி நிற்பவர்கள், ஐயரவர்களுக்குச் சோறிட்டவர்களும், தங்க இடம் கொடுத்தவர்களும், பாடம் சொன்னவர்களுமே ஆவர். சாப்பாடும் உறவும் கலந்த அந்தக் கதையைப் படிப்பதில் தனி இன்பம் இருக்கிறது.

தாம்பூலத்தில் தொடங்கும் கதை

ஐயரவர்களின் சொந்த ஊர் பாபநாசத்துக்கு அருகிலுள்ள உத்தமதானபுரம். அந்த ஊர் பிறந்த கதையே ஒரு சாப்பாட்டுக் கதைதான். சுற்றுப் பிரயாணம் வந்த தஞ்சை அரசர் ஒருவர், உணவுக்குப் பின் வழக்கம்போல் தாம்பூலம் தரித்துக்கொண்டாராம். பிறகுதான் அன்று ஏகாதசி என்பது நினைவுக்கு வந்தது. விரதம் கெட்டதே என்று வருந்திய அரசர், அதற்குப் பிராயச்சித்தமாக வீடுகளும் நிலமும் கொண்ட ஓர் அக்கிரகாரத்தை உண்டாக்கித் தானம் செய்தார். அதுவே உத்தமதானபுரம் ஆயிற்று என்பது ஊரார் வழங்கும் வரலாறு. வெற்றிலை பாக்கினால் ஓர் ஊர் உண்டான இந்தக் கதையோடுதான் ஐயரவர்கள் தம் வாழ்க்கையைச் சொல்லத் தொடங்குகிறார்.

அவர் பிறந்தது தாயார் சரசுவதி அம்மாளின் ஊராகிய சூரியமூலையில். 1855ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் தேதி. தகப்பனார் வேங்கடசுப்பையர் சங்கீத வித்துவான். கனம் கிருஷ்ணையரிடம் இசை பயின்றவர். இராமாயணப் பிரசங்கம் செய்து குடும்பத்தை நடத்தினார். மாதச் சம்பளம் என்பது கிடையாது. அரியலூர், குன்னம் என்று எந்த ஊரில் ஆதரவு கிடைத்ததோ அந்த ஊரே வீடு. ஊரார் அன்போடு அளித்த பண்டங்களிலேதான் அடுப்பு எரிந்தது. ஆகவே சோறு என்பது ஒருவர் மனமுவந்து தருவது என்பதைச் சிறு வயதிலேயே அவர் அறிந்திருந்தார். அரியலூரில் சடகோபையங்கார் என்ற ஆசிரியர் ஊட்டிய தமிழ்ச் சுவை, பின்னாளில் அவரை வேறு எந்தப் படிப்புக்கும் போகவிடாமல் பிடித்துக்கொண்டது.

பாடம் உண்டு, சாப்பாடு?

1871இல், பதினேழாவது வயதில், மாயூரத்திலிருந்த மகாவித்துவான் திரிசிரபுரம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் தகப்பனார் அவரை அழைத்துச் சென்றார். தமிழ்நாட்டிலேயே முதன்மையான புலவர் அவர். பாடம் சொல்லப் பிள்ளையவர்கள் தடை சொல்லவில்லை. சாப்பாட்டுக்கு என்ன வழி என்பதுதான் பெரிய கேள்வியாக நின்றது. திருவாவடுதுறையிலும் பட்டீச்சுரத்திலும் தங்கும்போது தாம் ஏற்பாடு செய்ய முடியும் என்றும், மாயூரத்தில் அது இயலாது என்றும் அவர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். அந்தச் செலவைத் தகப்பனார் ஏற்றுக்கொண்டார். வருவாய் நிலையில்லாத ஒருவர் மகனுடைய தமிழுக்காக ஏற்ற சுமை அது.

வேங்கடராமன் என்ற பெயரோடு வந்த மாணவரைச் சாமிநாதன் ஆக்கியவரும் பிள்ளையவர்களே. வேறு பெயர் உண்டா என்று விசாரித்து, வீட்டில் வழங்கிய அந்தப் பெயரையே நிலைக்கச் செய்தார்.

அக்காலத்து ஆசாரப்படி ஆசிரியரும் மாணவரும் ஒரே பந்தியில் உட்கார முடியாது. பிள்ளையவர்கள் சைவ வேளாளர், மாணவர் அந்தணர். ஒருவருக்கு ஓரிடத்தில் இலை, மற்றவருக்கு வேறிடத்தில். ஆனால் மாணவரின் சாப்பாட்டைப் பற்றிய கவலை மட்டும் ஆசிரியரை விட்டுப் போனதில்லை. ஒன்றாக உட்கார்ந்து ஒரு நாளும் உண்ணாத இருவருக்கு இடையே வளர்ந்த பாசத்தைத்தான் 'என் சரித்திரம்' பக்கம் பக்கமாகச் சொல்கிறது.

எண்ணெய் இல்லாத நாள்

அத்தனை பெரும் புலவரின் வீட்டில் வறுமை குடியிருந்தது. வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்துக் கடனாளியானவர் அவர். ஒரு நாள் எண்ணெய் தேய்த்துக்கொள்ள நினைத்து உட்கார்ந்தார். வீட்டில் எண்ணெய் இல்லை. வாங்கக் காசும் இல்லை. வாய் திறந்து கேட்கும் சுபாவமும் அவருக்கு இல்லை. குறிப்பறிந்த மாணவர் மெல்ல எழுந்து போய், தம் கையிலிருந்த சில்லறைக்கு எண்ணெய் வாங்கி வந்து கொடுத்துவிட்டார். உணவுக்கு அடுத்தவர் கையை எதிர்பார்த்த இளைஞர், தம் ஆசிரியரின் தேவையைப் பிறர் அறியாமல் தீர்த்து வைத்த சம்பவம் இது. படிப்பவர்கள் இதை எளிதில் மறக்கமாட்டார்கள்.

பட்டீச்சுரத்தில் ஆறுமுகத்தா பிள்ளை என்ற செல்வர் பிள்ளையவர்களை ஆதரித்தார். அங்கே குறைவில்லாத சாப்பாடு உண்டு. ஆனால் நேரத்தில் கிடைக்காது. இரவுப் போஜனத்துக்குப் பொழுது வெகுவாக ஆகிவிடும். தூக்கமும் பசியும் ஒன்றையொன்று வெல்லப் பார்த்த அந்த இரவுகளை ஐயரவர்கள் முதிய வயதில் சிரிப்போடுதான் நினைத்துப் பார்க்கிறார். உபசரித்தவர் மேல் அவருக்குக் கோபமில்லை.

திருவாவடுதுறை மடத்தில் சுப்பிரமணிய தேசிகர் ஆதரவில் நிலைமை மாறியது. தை மாதத்துக் குருபூஜையில் பெருங்கூட்டம் கூடி உண்ணும் காட்சியையும் ஐயரவர்கள் வருணித்திருக்கிறார். ஆனால் ஆசிரியரோடு இருந்த காலம் நீடிக்கவில்லை. 1876 பிப்ரவரி 1ஆம் தேதி, மாணவர் திருவாசகத்து அடைக்கலப்பத்தைப் படிக்கக் கேட்டுக்கொண்டே பிள்ளையவர்கள் கண் மூடினார். அப்போது அவரைத் தம் மார்பில் சாய்த்துத் தாங்கியிருந்தவர் சவேரிநாத பிள்ளை என்ற கிறிஸ்தவ மாணவர். சமயமும் சாதியும் கடந்து அந்த ஆசிரியர் சேர்த்து வைத்த சொத்து அந்தப் பிள்ளைகள்தான்.

முதல் மாதச் சம்பளம்

1880இல் பிள்ளையவர்களின் பழைய மாணவரான தியாகராச செட்டியார், தாம் ஓய்வு பெற்றபோது தம் கும்பகோணம் காலேஜ் வேலையை ஐயரவர்களுக்கு வாங்கித் தந்தார். மாதம் ஐம்பது ரூபாய். நிலையான வருவாய் அந்தக் குடும்பத்துக்குப் புதிது. பின்னாளில் சென்னையில் ஐயரவர்கள் தம் வீட்டுக்குத் 'தியாகராச விலாசம்' என்று பெயர் வைத்து அந்த நன்றியை வாசலிலேயே எழுதி வைத்தார்.

அதே ஆண்டு அக்டோபரில் முன்சீப் சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்ததும், அவர் கேட்ட கேள்வியால் சிந்தாமணி ஆராய்ச்சியில் இறங்கியதும் யாவரும் அறிந்தவை. சமண நூலின் பொருள் விளங்காதபோது கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்கே போய்க் கேட்டுத் தெளிந்தார். சீவகசிந்தாமணி 1887இல் வெளிவந்தது. 1889இல் பத்துப்பாட்டும், 1892இல் சிலப்பதிகாரமும், 1894இல் புறநானூறும், 1898இல் மணிமேகலையும் தொடர்ந்தன. சுவடிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்த அந்த ஆண்டுகளிலும் முன்பின் அறியாதவர்களின் வீட்டுத் திண்ணையும் சோறுமே துணை.

பத்துப்பாட்டில் பெரும்பாணாற்றுப்படை என்று ஒரு பாட்டு உண்டு. வறுமையில் வாடும் பாணனுக்கு வழியில் யார் யார் என்ன உணவு தருவார்கள் என்று அது வரிசையாகச் சொல்கிறது. ஆயர் வீட்டில் பாலும் தினைச்சோறும். உழவர் வீட்டில் நெற்சோறும் கோழிப் பொரியலும். அந்தணர் வீட்டில் சோற்றோடு மாவடு ஊறுகாய். ஊர் ஊராகப் பிறர் இட்ட சோற்றில் வளர்ந்தவர் ஒருவரே இந்தப் பாட்டைச் சுவடியிலிருந்து மீட்டு நமக்குத் தந்தார் என்பது எத்தனை பொருத்தம்!

நினைவில் நின்ற முகங்கள்

1903இல் சென்னை மாநிலக் கல்லூரி, 1906இல் மகாமகோபாத்தியாயப் பட்டம், 1932இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டம் என்று பெருமைகள் தேடி வந்தன. முதுமையிலும் அவர் முதலில் எழுதி முடித்தது தம் கதையை அன்று. 1933, 1934ஆம் ஆண்டுகளில் இரண்டு பாகங்களாக வந்த ஆசிரியர் பிள்ளையவர்களின் சரித்திரத்தைத்தான். அதற்குப் பிறகே, 1940இல், எண்பத்தைந்தாம் வயதில், 'ஆனந்த விகடன்' இதழில் தம் கதையைத் தொடங்கினார். 122 அத்தியாயங்கள் வந்தன. 1942 ஏப்ரல் 28ஆம் தேதி திருக்கழுக்குன்றத்தில் அவர் காலமானபோது வரலாறு 1898ஐ ஒட்டிய காலத்தோடு நின்றுவிட்டது. 1950இல் அது நூலாயிற்று.

பட்டங்கள் பெற்ற பிற்காலம் நூலில் இடம்பெறாமலே போய்விட்டது. பசித்த காலம் மட்டும் முழுமையாக இருக்கிறது. அதைப் படித்து அனுபவிக்கப் பெரும் புலமை வேண்டியதில்லை. சொந்த ஊரை விட்டு வந்து, மெஸ்ஸிலும் வாடகை அறையிலும் நாளை ஓட்டுபவர்களுக்கு அந்த அனுபவம் புதிதும் அன்று. எந்த அத்தியாயத்தைப் பிரித்தாலும் அன்போடு விசாரித்து இலை போட்ட ஒரு முகம் தெரியும். தமிழ்ச் சங்க நூலகத்தில் அந்தக் கனத்த புத்தகம் கண்ணில் பட்டால் தயங்காமல் எடுத்து வரலாம்.