கார்டன் கிரேக்

நாடகம் என்றவுடன் நம் நினைவிற்கு முதற்கண் வருபவர் நடிகர். அடுத்து வருபவர் அதனை இயற்றிய ஆசிரியர். சொல், அசைவு, வண்ணம், ஒளி ஆகிய யாவற்றையும் ஒரே கருத்தின்கீழ் இசைவிக்கும் இயக்குநரை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். அவ்வியக்குநரே நாடகக் கலையின் தலைவர் என்பதை வாழ்நாள் முழுதும் வற்புறுத்தியவர் எட்வர்டு கார்டன் கிரேக்.

இவர் 1872-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 16-ஆம் நாள் இங்கிலாந்தில் ஸ்டீவனேஜ் என்னும் ஊரிற் பிறந்தார். அன்னையார் புகழ்பெற்ற நடிகையாகிய எல்லன் டெர்ரி. தந்தையார் கட்டடக் கலைஞராகிய காட்வின். இருவர் கலையும் மைந்தரிடம் ஒன்றுகூடின எனலாம். இளமையில் ஹென்றி இர்விங்கின் குழுவில் நடித்த இவர், 1897-இல் நடிப்பைத் துறந்து, மரச்செதுக்கு ஓவியத்திலும் அரங்க அமைப்பிலும் கருத்தைச் செலுத்தினார்.

அக்கால மேடைகளில் மரங்களையும் மாளிகைகளையும் திரைச்சீலையில் உள்ளவாறே தீட்டித் தொங்கவிடுவர். முன்விளிம்பு விளக்குகள் நடிகர் முகத்திற் கீழிருந்து ஒளி வீசும். 1900-இல் பர்செல் இயற்றிய 'டைடோவும் ஈனியாசும்' என்னும் இசைநாடகத்தை லண்டனில் அரங்கேற்றியபோது, கிரேக் அவ்விளக்குகளை நீக்கி, மேலிருந்து ஒளி பொழியச் செய்தார். தீட்டிய காட்சிகளுக்கு மாறாக, எளிய திரையின்மேல் வண்ண ஒளியே காட்சியாயிற்று.

ஆயினும் தாய்நாட்டில் இவருக்கு ஆதரவு நிலைக்கவில்லை. 1904-இல் ஜெர்மனி சென்றார். மறுஆண்டு நாடகக் கலையைப்பற்றிய தம் சிறுநூலை வெளியிட்டார். 1908 முதல் பிளாரன்சு நகரிலிருந்து 'மாஸ்க்' என்னும் பத்திரிகையை நடத்தினார். கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி 1913-இல் இந்திய நாடக முறையைப்பற்றி அதில் எழுதினார். நம் நாட்டு நாடக நூல்களைக் கிரேக் வேண்டியதும், 1917-இல் அபிநய தர்ப்பணம் ஆங்கிலத்தில் வெளிவரத் தூண்டுகோலாயிற்று.

மாஸ்கோவில் ஸ்டானிஸ்லாவ்ஸ்கியுடன் கூடி 1912-இல் இவர் அரங்கேற்றிய ஹாம்லெத் நாடகம் பெரும்புகழ் பெற்றது. இடம்பெயர்க்கத்தக்க நெடிய தட்டிகளே அரண்மனையாயின. அரசனது பொன்னாடை மேடையெங்கும் விரிந்திருக்க, அவையோர் தலைகள் அதனூடே தோன்றின. ஹாம்லெத் மட்டும் முன்புறத்தில் நிழலிடையே தனித்திருந்தான். ஒரு சொல்லும் பிறவாமுன்னரே அவன் துயரம் அவையோர்க்கு விளங்கிற்று.

இத்துணை ஆற்றலுடையார் நடத்திய நாடகங்கள் மிகச் சிலவே. காரணம் அவரது இயல்பே என்போம். 1907-இல் நீஸ் நகரில் எலியொனோரா டூசே நடித்தபோது, இவர் அமைத்த காட்சியை அவ்வரங்கின் அளவிற்கேற்ப வெட்டிக் குறைத்தனர், கிரேக் சினந்தார், அம்மாபெரும் நடிகையின் நட்பு முறிந்தது. நடிகரின் தன்முனைப்பை வெறுத்து, உயர்ந்ததொரு பாவையையே அவர்க்கு இலக்காகக் காட்டியவர், தம் தன்முனைப்பை அடக்கினாரிலர். 1913-இல் நிறுவிய பள்ளியையோ மறுஆண்டு மூண்ட பெரும்போர் மூடிவிட்டது. 1966-ஆம் ஆண்டு ஜூலை 29-ஆம் நாள், 94-ஆம் வயதில், பிரான்சு நாட்டு வான்சு நகரில் மறைந்தார்.

எனின், அவர் வாழ்வு வீணாயிற்றோ? அன்று. வெறுமேடையில் ஒரு படிக்கட்டும் ஓர் ஒளிக்கற்றையும் கொண்டு நாடகம் நடத்துவோர் யாவரும், அறிந்தோ அறியாமலோ, அவருக்குக் கடன்பட்டவரே. கல்லூரி நாடகத்திற்குத் திரை தேடி அலையும் நாமும் அவரை நினைத்தல் தகும். ஒளியை அவரிடம் கற்போம். பலர் கூடி ஆற்றும் கலைக்கு வேண்டிய பொறுமையை அவர் குறையினின்று கற்போம்.