படுக்கையிலிருந்தும் பணி செய்த டோனாவூர் அம்மா

நீண்ட நாள் கழித்துப் பழைய மாணவர்கள் சந்திக்கும்போது எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, எப்படி இருக்கே என்பதுதான். எல்லாரும் சொல்கிற பதிலும் ஒன்றுதான், நல்லா இருக்கேன்பா. பந்தி முடிந்து, கூட்டம் கலைந்து, மரத்தடியில் இரண்டு பேர் தனியாக நிற்கும்போதுதான் உண்மை மெல்ல வெளியே வரும். ஒருத்தருக்கு வேலை போயிருக்கும். ஒருத்தர் வீட்டில் ஒரு ஜீவன் படுத்த படுக்கையாகக் கிடக்கும். இன்னொருத்தருக்குச் சொந்த உடம்பே சொன்ன பேச்சைக் கேட்காது. இப்போது படிக்கிற தம்பி தங்கைகளுக்கும் அரியர்ஸ், வீட்டுக் கடன் என்று அவரவர் பாரம் உண்டு.

இப்படிப்பட்ட நேரத்தில் விசுவாசம் என்னத்தைச் செய்யும்? கஷ்டம் தீர்ந்த பிறகு சாட்சி சொல்ல எல்லாருக்கும் வரும். தீராத கஷ்டத்துக்கு நடுவில் இருந்துகொண்டு நம்பிக்கையோடு பேசுவது எப்படி? அதைத் தெரிந்துகொள்ள நாம் தூரமாகப் போகவேண்டியதில்லை. நம்ம நெல்லைச் சீமையிலேயே, மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், டோனாவூரில் ஓர் அம்மா வாழ்ந்து காட்டிவிட்டுப் போயிருக்கிறார். அவர்தான் ஏமி கார்மைக்கேல் அம்மையார்.

1867 டிசம்பர் 16ஆம் தேதி, அயர்லாந்தின் வடபகுதியில் மில்லைல் என்ற கடற்கரைக் கிராமத்தில் பிறந்தார். ஏழு பிள்ளைகளில் மூத்தவர். வசதியான குடும்பம்தான். ஆனால் 1885ல் தகப்பனார் இறந்துபோனார். குடும்பப் பாரத்தில் ஒரு பங்கு மூத்த மகளின் தலையில் விழுந்தது. அந்த வயதிலேயே பெல்ஃபாஸ்ட் நகரத்து நூற்பாலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்கள் நடுவே ஊழியம் செய்யத் தொடங்கினார். தொப்பி வாங்க வசதியில்லாமல் தலையில் சால்வையைப் போட்டுக்கொண்டு வந்த அந்தப் பெண்களைக் கண்டால் பெரிய இடத்து ஆட்களுக்கு முகஞ்சுளிப்பு. ஏமி அதையெல்லாம் சட்டை செய்யவில்லை.

உடம்பு மட்டும் ஒருபோதும் ஒத்துழைக்கவில்லை. நரம்பு வலி வந்தால் நாள் கணக்கில் எழுந்திருக்க முடியாது. சீனாவுக்குப் போக முயன்றபோது, உடல்நிலை சரியில்லை என்று நிறுத்திவிட்டார்கள். 1893ல் ஜப்பானுக்குப் போனார். ஒன்றேகால் வருஷத்தில் உடம்பு முடியாமல் திரும்பினார். கடைசியில் 1895 நவம்பரில் இந்தியா வந்து சேர்ந்தார். அப்போது வயது இருபத்தேழு. அதன்பிறகு ஐம்பத்தைந்து வருஷம் ஒரு தடவைகூடச் சொந்த நாட்டுக்குத் திரும்பிப் போகவில்லை. லீவு என்று ஒன்றை எடுக்கவே இல்லை.

நெல்லை மாவட்டத்துக்கு வந்து, வாக்கர் ஐயர் குடும்பத்தோடு தங்கித் தமிழ் படித்தார். சேலை கட்டிக்கொண்டார். உள்ளூர்ப் பெண்களோடு மாட்டு வண்டியில் ஊர் ஊராகச் சுற்றினார். 1901 மார்ச் மாதம், பண்ணைவிளையில் இருந்தபோது, ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியை அவரிடம் கொண்டுவந்து விட்டார்கள். கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவதற்காகக் கொடுக்கப்பட்ட பிள்ளை அவள். முன்பு ஒரு முறை தப்பித் தாயிடம் ஓடியபோது தாயே திருப்பிக் கொடுத்துவிட, தண்டனையாகக் கையில் சூடு போட்டிருந்தார்கள். அந்தப் பிள்ளை ஏமியின் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். ஊர் ஊராகச் சுற்றின ஊழியக்காரி அன்றோடு அம்மாவாகிவிட்டார்.

அதே வருஷம் டோனாவூரில் குடியேறினார்கள். அந்த ஊரின் பெயரே, அங்கே மிஷன் தொடங்கப் பணம் கொடுத்து உதவிய பிரஷ்ய நாட்டு டோனா பிரபுவின் பெயர்தான். ஒரு பிள்ளை பத்தாயிற்று, பத்து நூறாயிற்று. 1913ல் நூற்றுமுப்பது பெண்பிள்ளைகள். 1918 முதல் ஆண்பிள்ளைகளும் வந்தார்கள். பணம் கேட்டு யாரிடமும் கையேந்துவதில்லை, ஜெபத்தில் கேட்பது மட்டும்தான் என்று வைத்திருந்தார். பொட்டுக்கட்டும் வழக்கத்துக்கு எதிராக முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் போன்றவர்கள் போராடி, 1947ல் சென்னை மாகாணத்தில் தடைச் சட்டம் வந்தது. அதற்கு நாற்பது வருஷத்துக்கு முன்னாலேயே அம்மா அந்தப் பிள்ளைகளுக்கு வீடு கட்டிக்கொண்டிருந்தார்.

அந்த வருஷங்களில் அவர் பட்ட அடி கொஞ்ச நஞ்சமில்லை. தாய்ப்பால் இல்லாமல் வந்த பச்சைக் குழந்தைகள் சில கண் முன்னாலேயே இறந்தன. ஆள்கடத்தல் வழக்கு வந்து, பிறகு தள்ளுபடியானது. 1912ல் வழிகாட்டியான வாக்கர் ஐயர் திடீரென்று மரித்தார். 1915ல் வலது கையாக இருந்த பொன்னம்மாள் புற்றுநோயில் போனார். ஒவ்வொரு முறையும் அம்மா அழுதார், மறுநாள் எழுந்து பிள்ளைகளைக் குளிப்பாட்டினார். வேலை அவரைத் தாங்கியது என்றுகூடச் சொல்லலாம்.

ஆனால் அந்த வேலையே செய்ய முடியாமல் போனால்?

1931ல் ஒரு நாள். தன் பிள்ளைகளுக்கு இன்னும் நன்றாக உதவும்படி தன்னை எப்படி வேண்டுமானாலும் ஆயத்தப்படுத்தட்டும் என்று காலையில் ஜெபித்தார். சாயங்காலம் களக்காட்டில், மருத்துவ ஊழியத்துக்காகத் தயாராகிக்கொண்டிருந்த வீட்டைப் பார்க்கப் போனார். இருட்டும் நேரம். வெட்டக்கூடாத இடத்தில் ஒரு குழி வெட்டியிருந்தார்கள். அது கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே விழுந்தார். கால் எலும்பு முறிந்து, கணுக்கால் பிசகிவிட்டது. சில வாரத்தில் எழுந்துவிடலாம் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். வாரம் மாதமாயிற்று, மாதம் வருஷமாயிற்று. மூட்டு வலி, முதுகு வலி, தூக்கமில்லாத இரவுகள் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. சாகிற வரைக்கும் சுமார் இருபது வருஷம், பெரும்பாலும் ஓர் அறைக்குள்ளேயே அவர் வாழ்க்கை முடங்கிவிட்டது.

காலையில் செய்த ஜெபத்துக்கு இதுவா பதில் என்று நமக்குக் கேட்கத் தோன்றும். அம்மா வலியை நல்லது என்று சொல்லி ஏமாற்றவில்லை. வலி வலிதான் என்று ஒத்துக்கொண்டார். இந்த இடம்தான் முக்கியம், கவனியுங்க. சுகமில்லாதவர்களுக்கு ஆறுதலாக எழுதப்பட்ட புத்தகங்களும் துண்டுப்பிரசுரங்களும் அவருக்கு வந்துகொண்டிருந்தன. படித்துப் பார்த்தால் பெரும்பாலும் ஆரோக்கியமாக இருக்கிறவர்கள் எழுதியவை. அவை அவருடைய மனசைத் தொடவில்லை. ஆகவே அவரே, நோயாளி நோயாளிக்கு எழுதுகிற கடிதங்களாக எழுதத் தொடங்கினார். வலி குறைந்து மனசு தெளிந்த பிறகு எழுதலாம் என்று ஒத்திவைக்கவில்லை. குறைந்துபோனால் அந்தக் கடிதத்துக்கு அர்த்தமே இருக்காது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அப்படிப் பிறந்த புத்தகம் 1933ல் வெளிவந்தது. உலகத்தில் எங்கெங்கோ படுக்கையில் கிடந்தவர்கள், நம்மைப் போல ஒருத்தி பேசுகிறாள் என்று அதை எடுத்து வைத்துக்கொண்டார்கள்.

அந்த அறையிலிருந்து பத்துக்கு மேற்பட்ட புத்தகங்கள் வெளிவந்தன. அவர் எழுதியவை மொத்தம் சுமார் முப்பத்தைந்து. பிள்ளைகளுக்கும் ஊழியர்களுக்கும் துண்டுக் காகிதத்தில் எழுதி அனுப்பிய கடிதங்களுக்குக் கணக்கில்லை. யாருக்காவது மனசு சரியில்லை என்றால் அம்மாவின் அறைக் கதவைத் தட்டுவார்கள். ஓடியாடி வேலை பார்த்த காலத்தில் ஒரு பிள்ளையோடு தனியாக உட்கார்ந்து பேச நேரம் ஏது? குழி அவரைக் கட்டிப்போட்டது. கட்டிப்போட்ட இடத்தில் அவர் ஆழமானார். 1948ல் அறைக்குள்ளேயே மறுபடி விழுந்த பிறகு படுக்கையைவிட்டு எழுந்திருக்கவே இல்லை. 1951 ஜனவரி 18ஆம் தேதி, எண்பத்துமூன்றாம் வயதில், தூக்கத்திலேயே ஆண்டவரிடம் போய்ச் சேர்ந்தார்.

கல்லறைக்குக் கல் வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தார். பிள்ளைகள் அந்த இடத்தில் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டி வைத்து, அம்மா என்ற ஒரே வார்த்தையைப் பொறித்தார்கள். இதற்கு மேல் பட்டம் எதற்கு?

தம்பி தங்கைகளே, உங்கள் வாழ்க்கையிலும் யாரோ வெட்டி வைத்த குழியில் நீங்கள் விழ நேரிடலாம். அது ஏன் வந்தது என்பதற்குப் பதில் கிடைக்காமலே போகலாம். அம்மாவுக்கும் கால் குணமாகவில்லை. ஆனால் படுத்திருந்த இடத்திலிருந்தே, பக்கத்தில் படுத்திருந்தவனின் கையைப் பிடித்தார். அதுவே அவர் கண்ட நம்பிக்கை. என் வயதுள்ள நண்பர்களே, அடுத்த முறை மரத்தடியில் சந்திக்கும்போது, நல்லா இருக்கேன் என்று மட்டும் சொல்லி முடித்துவிடாதீர்கள். உங்கள் வலியைச் சொல்லுங்கள். அதைக் கேட்கக் காத்திருக்கிற இன்னொரு வலிக்காரன் நம் கூட்டத்திலேயே இருப்பான்.

ஆண்டவர் நம் எல்லாரையும் தாங்குவாராக.